காற்றில் விளைந்த துணி

குமாரபாளையத்தில் பாவு நூல் தறியேறுவதற்கு முன் கஞ்சியில் முங்கி எழுகிறது. கஞ்சி போடாத நூல் விசைத்தறியின் வேகத்துக்குத் தாங்காது. விழுதிலும் அச்சிலும் உரசி உரசிப் பிசிறு கிளம்பி அறுந்துவிடும். கைத்தறிக் காலத்தில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் அரிசிக் கஞ்சி தோய்த்து, நீவிக் காயவைப்பார்கள். இப்போது அந்த வேலையைச் சைசிங் பட்டறைகள் எடுத்துக்கொண்டன. தொட்டியில் மரவள்ளி மாவோ மக்காச்சோள மாவோ கொதித்துக்கொண்டிருக்க, நூற்றுக்கணக்கான இழைகள் ஒருசேர அதில் தோய்ந்து, சூடான உருளைகளின் மேல் ஓடிக் காய்ந்து, பீமில் சுற்றிக்கொள்கின்றன.

கஞ்சி ஏறிய அந்த இழையில் உள்ளே இருப்பது செல்லுலோஸ். வெளியே பூசியிருப்பது ஸ்டார்ச் என்னும் மாவுச்சத்து. இரண்டுமே குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிகள்தான். கோக்கும் விதம் மட்டும் வேறு. மாவுச்சத்தில் குளுக்கோஸ்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இணைவதால் சங்கிலி சுருண்டுகொள்கிறது; இடையே வெந்நீர் புகுந்து அதைக் கூழாக்கிவிடும். செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீள்கிறது. பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டி இறுகி, எத்தனை முறை துவைத்தாலும் கரையாத நாராகிறது.

நெய்து முடித்த துணியிலிருந்து கஞ்சியை நீக்க அமைலேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறார்கள். அது மாவுச்சத்தை நறுக்கித் தள்ளும், பருத்தியைத் தொடாது. அதே வகை நொதி மனித எச்சிலிலும் உண்டு. சோறு செரிப்பதற்கும் வேட்டி செரிக்காததற்கும் காரணம் இந்த ஒரே ஓர் இணைப்பின் திசைதான்.

ஆக, காவிரிக் கரையில் பவானிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த ஊர் பகலும் இரவுமாகக் கையாளும் சரக்கு பெரும்பாலும் குளுக்கோஸ். அந்தக் குளுக்கோஸ் செடிக்கு எங்கிருந்து வந்தது? "மண்ணிலிருந்து" என்பதுதான் பலருடைய வாயில் முதலில் வரும் பதில். அந்தப் பதிலில் உண்மை மிகக் கொஞ்சம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ செல்லுலோஸில் ஏறத்தாழ 444 கிராம் கார்பன், 494 கிராம் ஆக்ஸிஜன், 62 கிராம் ஹைட்ரஜன். கார்பன் முழுவதும் காற்றிலிருந்த கரியமில வாயு. ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வந்தது. மண்ணிலிருந்து வந்த தாது எதுவும் இந்த மூன்றில் இல்லை. கழுவாத பருத்திப் பஞ்சை எரித்தால் மிஞ்சும் சாம்பல் சுமார் ஒரு சதவீதம். மண் கொடுத்தது அவ்வளவுதான்.

அந்த 444 கிராம் கார்பனைச் சேர்க்கச் செடி 1.6 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவைப் பிடித்தாக வேண்டும். காற்றில் அந்த வாயுவின் பங்கோ பத்தாயிரத்தில் நான்கைச் சற்றே தாண்டும். ஒரு கனமீட்டர் காற்றைத் துழாவினால் முக்கால் கிராம் கிடைக்கும். எனவே ஒரு கிலோ பஞ்சுக்கு ஏறக்குறைய 2,150 கனமீட்டர் காற்றிலுள்ள கரியமில வாயு முழுவதும் தேவை. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி உள்ள அறைகள் எழுபத்தைந்துக்கு மேல் அதில் அடங்கும். கால் கிலோ எடையுள்ள ஒரு லுங்கிக்குப் பத்தொன்பது அறைக் காற்று.

ஆற்றலரி மரத்தின் எடை

செடி மண்ணைத் தின்று வளரவில்லை என்பதை நிறுத்துப் பார்த்து முதலில் சொன்னவர்களில் முக்கியமானவர், பிரஸ்ஸல்ஸ் நகரத்து மருத்துவர் யான் வான் ஹெல்மாண்ட். உலர்த்திய மண் 200 பவுண்டு எடுத்து ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஆற்றலரிக் கன்றை, வில்லோ என்று ஆங்கிலத்தில் சொல்லும் மரத்தை, நட்டார். தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. ஐந்து ஆண்டு கழித்து மரத்தின் எடை 169 பவுண்டு 3 அவுன்ஸ். மண்ணைக் காயவைத்து நிறுத்தால் இரண்டு அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. அவர் இறந்தபின், 1648-ல் வெளியான நூலில் இந்தச் சோதனை இடம்பெற்றது.

மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. வேடிக்கை என்னவென்றால், கரியை எரித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆவி கிளம்புவதைக் கண்டு, அது சாதாரணக் காற்று அல்ல என்று சொன்னவரும் அவரே. இன்று கரியமில வாயு என்கிறோமே, அதுதான். மரத்துக்கும் அந்த வாயுவுக்கும் உள்ள தொடர்பு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

அதன்பின் ஒன்றரை நூற்றாண்டில் துண்டு துண்டாக உண்மை வெளிப்பட்டது. மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றைப் புதினாக் கொத்து மறுபடி எரிய உதவும் காற்றாக மாற்றுகிறது என்று 1771-ல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டார். அது வெளிச்சத்தில் மட்டுமே நடக்கிறது, அதுவும் பச்சை நிறப் பகுதிகளில் மட்டுமே நடக்கிறது என்று 1779-ல் யான் இங்கன்ஹவுஸ் காட்டினார். உள்ளே போவது கரியமில வாயு என்றார் செனபியர். செடியின் எடை கூடுவதில் தண்ணீருக்கும் பங்குண்டு என்று 1804-ல் தெ சோசூர் அளந்து சொன்னார்.

1860-களில் ஜெர்மனியின் யூலியஸ் சாக்ஸ், வெயில் பட்ட இலையில் அயோடின் கரைசலை ஊற்றினார். மாவுச்சத்து இருந்த இடமெல்லாம் கருநீலமாகியது. மறைத்து வைத்த பகுதி நிறம் மாறவில்லை. துணியில் கஞ்சி முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்க ஜவுளி ஆய்வுக்கூடங்களில் இன்றைக்கும் ஒரு சொட்டு அயோடின்தான் விடுகிறார்கள்.

ஒரு சதுர மீட்டர் வெயில்

காற்றும் தண்ணீரும் தாமாகச் சர்க்கரை ஆகிவிடாது. அதற்குச் சக்தி வேண்டும். ஒரு கிலோ பருத்தியை எரித்தால் வெளிவரும் வெப்பம் சுமார் 17 மெகாஜூல். தறிக்காரருக்குப் பழகிய அளவில் சொன்னால் 4.7 யூனிட் மின்சாரம். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளில் விழும் வெயிலின் சக்தியும் ஏறக்குறைய ஐந்து யூனிட்தான். ஆனால் ஒரு சதுர மீட்டர் வயல் ஒரே நாளில் ஒரு கிலோ விளைத்துவிடுவதில்லை. வயல் பயிர்கள் பருவம் முழுவதும் தம்மேல் விழும் வெயிலில் சுமார் ஒரு சதவீதத்தையோ அதற்கும் குறைவையோதான் உடலாக மாற்றுகின்றன. அதிலும் பருத்திச் செடியில் தண்டு, இலை, வேர், கொட்டை எல்லாம் போக மிஞ்சுவதே பஞ்சு.

மிச்சம் எங்கே போகிறது? வெயிலில் பாதிக்குமேல் பச்சையம் பிடிக்க முடியாத அகச்சிவப்பு. பச்சை ஒளியில் ஒரு பங்கு தெறித்துப் போகிறது. உச்சி வெயிலில் இலை தன்னால் கையாள முடிந்ததைவிட அதிக ஒளியைப் பெற்று, மீதியை வெப்பமாக வெளியே விடுகிறது.

பிடித்த ஒளியைக் கொண்டு இலை செய்யும் முதல் வேலை தண்ணீர் மூலக்கூறைப் பிளப்பது. வெளிவரும் ஆக்ஸிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1941-ல் கலிபோர்னியாவில் ரூபன், கேமன் முதலானோர் எடை கூடிய ஆக்ஸிஜன் அணுவை அடையாளமாக வைத்து, அது தண்ணீரிலிருந்து வருவதை உறுதி செய்தார்கள். பிளந்த தண்ணீரின் ஹைட்ரஜனும் ஒளியில் சேர்த்த சக்தியும் இலையின் அடுத்த பட்டறைக்குப் போகின்றன. அங்கே கரியமில வாயு சர்க்கரையாகிறது. அந்த வழியைக் கதிரியக்கக் கார்பனை வைத்துப் படிப்படியாகப் பின்தொடர்ந்தவர்கள் மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம். 1961-ல் கால்வினுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பகலில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கு இலையிலேயே மாவுச்சத்தாகத் தங்கி, இரவில் கரைந்து, சுக்ரோஸாக உடல் முழுதும் பயணிக்கிறது. மரவள்ளியில் அது வேருக்கு இறங்கி மறுபடி மாவுச்சத்தாகச் சேர்கிறது. பருத்தியில் விதைத் தோலின் மேல் முளைக்கும் ஒற்றைச் செல்களுக்குள் போகிறது. பஞ்சின் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல்தான். பூ மலர்ந்த நாள் முதல் மூன்று வாரத்தில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வரை நீண்டு, பிறகு உட்சுவரில் அடுக்கடுக்காகச் செல்லுலோஸைப் பூசிக்கொள்ளும். காய் வெடிக்கும்போது செல் இறந்து, சுவர் மட்டும் மிஞ்சும். திருச்செங்கோட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் மூட்டை மூட்டையாக ஏலம் போவது அந்தச் சுவர்கள்.

மரவள்ளிக்கு இந்தப் பகுதியில் விலை வைக்கும் முறை ஒளிச்சேர்க்கைக்கே விலை வைப்பது போன்றது. ஆலைக்காரர் கிழங்கின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. மாவுச்சத்தை அளந்து, இத்தனை 'பாயிண்ட்' என்று சொல்லி, பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசுகிறார். கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர். பத்து மாத வெயிலில் செடி எவ்வளவு காற்றை மாவாக்கியது என்பதற்கான அளவுதான் பாயிண்ட். தென்னமெரிக்காவில் பிறந்த இந்தக் கிழங்கு திருவிதாங்கூரில் வேரூன்றி, இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய ஜவ்வரிசி வரத்து நின்றதும் சேலத்தில் ஆலைத் தொழிலானது. 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு நிறுவனம் உருவாயிற்று. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கரும்பு செய்யும் ஏற்பாடு

கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியின் பெயர் ரூபிஸ்கோ. உலகில் மிக அதிகமாக உள்ள புரதங்களில் ஒன்று. ஆனால் வேலையில் மந்தம். ஒரு நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் கையாளும். ஆளும் அடிக்கடி ஏமாறும். கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்ஸிஜனைப் பிடித்துவிட்டு, அந்தத் தவறைச் சரிசெய்ய ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பங்கை இழக்கும். வெப்பம் கூடக்கூட இந்தத் தவறும் கூடும். சித்திரை வெயிலில் நெல், பருத்தி, நிலக்கடலை, மரவள்ளி எல்லாம் இந்த இழப்பைச் சுமந்துகொண்டே வளர்கின்றன. அதில் மரவள்ளிக்கு ஒரு தற்காப்பு உண்டு: காற்று வறண்டால் இலைத்துளைகளைச் சட்டென்று மூடிக்கொள்ளும், கடும் வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு, மழை கண்டதும் மறுபடி துளிர்க்கும்.

மோகனூர்ப் பக்கத்துக் கரும்புக்கு வேறு வழி தெரியும். அது கரியமில வாயுவை முதலில் ஆக்ஸிஜனிடம் ஏமாறாத இன்னொரு நொதியால் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் தள்ளுகிறது. அங்கே அமிலத்தை உடைத்து வாயுவை நெருக்கமாக நிரப்புகிறது. அந்த நெரிசலில் ரூபிஸ்கோவுக்கு ஆக்ஸிஜனைத் தொட வாய்ப்புக் குறைவு. ஹவாய்த் தீவின் கரும்பு ஆய்வாளர்கள் இதன் முதல் தடயத்தைக் கண்டார்கள்; 1966-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பிலையிலேயே இந்த வழியைத் தெளிவாக்கினார்கள்.

மக்காச்சோளமும் சோளமும் கம்பும் இதே கூட்டம்தான். இலைத்துளையை அரைகுறையாகத் திறந்து வைத்தாலும் போதிய வாயு கிடைப்பதால், ஒரு கிலோ உலர் எடைக்கு இவை செலவிடும் தண்ணீர் நெல், பருத்தி வகைகளைவிடக் கணிசமாகக் குறைவு. கொங்குச் சமவெளியின் மானாவாரிக் காடுகளில் சோளம் காலங்காலமாக நின்று பிடித்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. கரும்பு மட்டும் தண்ணீர் குடிக்கும் பயிர் என்று பெயர் வாங்கியிருப்பது, ஆண்டு முழுக்க வயலில் நின்று ஏராளமாக விளைவதால்.

இந்தியக் கரும்பின் கதையில் கோயம்புத்தூருக்குத் தனி இடம் உண்டு. 1912-ல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் சாறு மிகுந்த கரும்பை ஆற்றங்கரை நாணலோடு கலந்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வெளியானது. யாரும் சீந்தாமல் வளர்ந்த அந்தப் புல்லின் முரட்டுத்தனம்தான் கரும்புக்கு வறட்சி தாங்கும் திறனைத் தந்தது.

மண் தரும் சிட்டிகை

எடையில் மண்ணின் பங்கு சிட்டிகையளவு என்பதால் அதை அலட்சியம் செய்ய முடியாது. செடிக்கு இன்றியமையாதவை என்று ஒப்புக்கொண்ட தனிமங்கள் 17. அவற்றில் மூன்றைக் காற்றும் தண்ணீரும் தந்துவிடும். மீதி 14-ம் வேர் வழியே வர வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதல், எக்டருக்குச் சில கிராம் இருந்தாலே போதுமான மாலிப்டினம் வரை இதில் அடக்கம். ஒன்று குறைந்தாலும் மற்றவை நிறைந்திருப்பதில் பயனில்லை. 1840-ல் தன் வேளாண் வேதியியல் நூலை வெளியிட்ட யூஸ்டஸ் வான் லீபிக் இந்தக் கருத்தை உலகறியச் செய்தார்.

இந்த வட்டாரத்துச் செம்மண்ணில் இதற்கு நல்ல சான்று உண்டு. மண் சிவந்திருப்பதே இரும்பால். இருந்தும் சுக்கான் கல் கலந்த நிலங்களில் மரவள்ளியும் நிலக்கடலையும் இரும்புப் பற்றாக்குறையால் வெளுத்துப் போகின்றன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு, வேர் உறிஞ்ச முடியாத வடிவத்தில் முடங்கிக் கிடக்கும். பச்சையத்துக்குள் இரும்பு கிடையாது. அதன் நடுவில் இருப்பது மக்னீசியம். ஆனால் பச்சையத்தைத் தயாரிக்க இரும்பு வேண்டும். அது வராவிட்டால் கொழுந்து இலைகளின் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையெல்லாம் மஞ்சளாகும். உழவர்கள் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் தெளிப்பது இதற்குத்தான். மண்ணை நம்பாமல் இலை வழியாகவே இரும்பை ஊட்டுகிறார்கள்.

மஞ்சள் அடி இலையில் முதலில் தெரிந்தால் வேறு கதை. தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். இரும்பை அப்படி இடம் மாற்ற அதனால் முடியாது. எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்று பார்த்தே அனுபவசாலிகள் பாதி நோயைச் சொல்லிவிடுவார்கள்.

தழைச்சத்து என்னும் நைட்ரஜன் காற்றில் 78 சதவீதம் இருக்கிறது. இலையைச் சுற்றி நைட்ரஜன் கடல். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்களை மூன்று பிணைப்புகள் இறுக்கியிருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரே உண்ண முடியாது. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் தெரியும் சிறு முடிச்சுகளுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு அந்தப் பிணைப்பை அவிழ்க்கத் தெரியும். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் ஆக்ஸிஜனைக் கட்டுக்குள் வைத்து, பாக்டீரியாவின் நொதி கெடாமல் காக்கிறது. சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. இந்தச் சேவைக்குச் செடி சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கிறது. 1880-களில் ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இந்தக் கூட்டை நிரூபித்தார்கள். அதே பிணைப்பை ஆலையில் அவிழ்க்கும் வழியை 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டார். நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் கொண்ட யூரியா மூட்டையின் மூலம் அதுதான்.

சாம்பல் சத்தின் குணம் தனி. பொட்டாசியம் செடியின் எந்த மூலக்கூறிலும் கட்டுண்டு கிடப்பதில்லை. செல் சாற்றில் கரைந்தே திரியும். இலைத்துளை திறப்பதும் மூடுவதும் காவல் செல்களுக்குள் அது ஏறி இறங்குவதால்தான். சர்க்கரையை இலையிலிருந்து கிழங்குக்கும் கரணைக்கும் இறக்கும் ஓட்டத்துக்கும் அது வேண்டும். மரவள்ளிக்கும் கரும்புக்கும் பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாகப் பரிந்துரைப்பதன் காரணம் இது.

வேருக்கும் இலைக்கும் உள்ள இந்தத் தொடர்பைச் சாயப்பட்டறை உப்பு வேறு விதமாகக் காட்டுகிறது. பருத்தி இழை தண்ணீரில் லேசான எதிர்மின் ஏற்றம் பெறும். சாயத்துக்கும் எதிர்மின் ஏற்றம். ஒன்றையொன்று தள்ளும் இவற்றைச் சேர்த்து வைக்க உப்பைக் கொட்டுகிறார்கள். துணியில் சாயம் தங்கிவிடும், உப்பு கழிவுநீரோடு வெளியேறும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதியில் சாயக்கழிவு நெடுநாள் வழக்கு. உப்பேறிய நீரிலிருந்து வேரால் தண்ணீரை எளிதில் இழுக்க முடியாது. நிலம் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் தவிக்கும்; தண்ணீரைக் காக்க இலைத்துளைகளை மூடும். மூடினால் கரியமில வாயு உள்ளே வராது. உப்பு வேரில், பட்டினி இலையில்.

இரண்டு வகைத் திருட்டு

காற்றுக்கணக்கு வேறு, மண்கணக்கு வேறு என்பதைத் திருடும் செடிகள் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. மாமரத்திலும் வேம்பிலும் தொற்றும் புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு. சர்க்கரையைப் பெரும்பாலும் தானே செய்துகொள்ளும். மரத்திடமிருந்து எடுப்பது தண்ணீரும் தாதுவும். சோளத்தையும் கரும்பையும் வேரில் பிடிக்கும் சுடுமல்லியும் பச்சைதான். ஆனால் தண்ணீரோடு சர்க்கரையிலும் கை வைக்கும். இலையும் பச்சையும் இல்லாமல் மஞ்சள் நூலாகப் படரும் அம்மையார்க்கூந்தல் சர்க்கரைக் குழாயிலேயே வாய் வைக்கிறது. புகையிலைக் காட்டில் வெளுத்த பூங்கொத்தாகத் தலைகாட்டும் புகையிலைக் காளான், பெயர்தான் காளான், பூக்கும் செடி. அதுவும் முழுத் திருடன்.

விலையுயர்ந்த சந்தனமும் இந்தப் பட்டியலில் உண்டு. அதன் வேர் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். அந்த உறிஞ்சியின் அமைப்பை நுணுக்கமாக ஆராய்ந்து 1906, 1907-ல் எழுதியவர், பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு நிலையத்தைத் தொடங்கிய அதே சார்லஸ் பார்பர். சந்தனக் கன்றை வளர்க்கும் நாற்றங்காலில் பையிலேயே ஒரு துவரையைத் துணைக்கு விதைத்து விடுகிறார்கள்.

ஊரை விட்டு எது போகிறது?

இரண்டு கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்த வட்டாரத்துப் பொருளாதாரம் புதிதாகத் தெரியும். குமாரபாளையம் விற்பது துணி. சேலம் விற்பது ஜவ்வரிசி. மோகனூர் ஆலை விற்பது வெள்ளைச் சர்க்கரை. மூன்றும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மட்டுமே. எத்தனை லாரி ஏற்றி அனுப்பினாலும் நிலத்திலிருந்து ஏறக்குறைய எதுவும் வெளியேறுவதில்லை. பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வரும் வெல்லத்தில்தான் கரும்புச் சாற்றின் தாது கொஞ்சம் தங்கியிருக்கும்.

அப்படியானால் பயிர் உறிஞ்சிய தழையும் மணியும் சாம்பலும் எங்கே? கழிவில். பருத்தியின் தழைச்சத்து பஞ்சில் இல்லை, பருத்திக்கொட்டையில் இருக்கிறது. கறவை மாட்டுக்கு ஊறவைத்து அரைத்துக் கொடுத்தால் பாலிலும் சாணத்திலும் போய்ச் சேரும். மரவள்ளியில் தோலிலும் திப்பியிலும் கழுவிய நீரிலும். கரும்பில் சோகையிலும் ஆலை மட்டியிலும் மொலாசஸிலும். இவை வயலுக்குத் திரும்பினால் நிலத்தின் இருப்பு அதிகம் குறையாது. சோகையைக் கொளுத்தி, கழிவுநீரை ஓடையில் விட்டால், ஒவ்வோர் ஆண்டும் அதே சத்தை உரக்கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் இதற்கு நேர் எதிர்த்திசையில் இயங்குகின்றன. அன்றாடம் கோடிக்கணக்கில் முட்டையிடும் அந்தக் கோழிகளுக்கான மக்காச்சோளத்தில் பெரும்பங்கு கர்நாடகம், ஆந்திரம் போன்ற வெளி மாநிலங்களிலிருந்து வருகிறது. சோயாப் புண்ணாக்கும் அப்படியே. அங்கங்கே உள்ள மண்ணிலிருந்து அந்தப் பயிர்கள் உறிஞ்சிய மணிச்சத்தும் தழைச்சத்தும் லாரியேறி நாமக்கல்லுக்கு வந்து இறங்குகின்றன. முட்டையோடு வெளியே போவது ஒரு பங்கு; கோழி எருவாக இங்கேயே தங்குவது பெரும்பங்கு. அது மஞ்சள் வயலுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் விலைக்குப் போகிறது. முன்பு அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுப்பட்டி அடைத்து, புறம்போக்கில் மேய்ந்த சத்தை வயலுக்குக் கொண்டு வந்தார்கள். இப்போது அந்த மேய்ச்சல் நிலம் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

பொட்டாசியத்தின் பாதை இன்னும் நீளம். இந்தியா தனக்கு வேண்டிய பொட்டாஷ் உரத்தை ஏறத்தாழ முழுவதுமாக இறக்குமதி செய்கிறது. கனடா, ரஷ்யா, இஸ்ரேல், ஜோர்டான் போன்ற நாடுகளின் சுரங்கங்களிலிருந்தும் உப்பு நீரிலிருந்தும் எடுத்தது கப்பலேறி வந்து கரும்பு வயலில் கரைகிறது. கரும்பு அதை உறிஞ்சும். ஆனால் சர்க்கரைப் படிகத்துக்குள் அதற்கு இடமில்லை. எனவே மொலாசஸுக்குப் போகும். அதைப் புளிக்கவைத்து ஆல்கஹால் எடுத்தபின் மிஞ்சும் கழிவுநீரில் அடர்ந்து நிற்கும். அந்தக் கழிவை எரிக்கும் கொதிகலன்களின் சாம்பலிலிருந்து கிடைக்கும் பொட்டாஷ் உரத்தை 2021-ல் மத்திய அரசு மானியப் பட்டியலில் சேர்த்தது. அதில் பொட்டாஷ் அளவு குறைந்தது 14.5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. இறக்குமதி மியூரியேட் பொட்டாஷில் 60 சதவீதம் உண்டு. ஒரு மூட்டை இட்ட இடத்தில் நான்கு மூட்டை இட வேண்டிவரும். வண்டி வாடகை கூடும், கப்பல் வாடகை மிச்சம்.